ஆவடிக்கு ஒரு வளையம் பார்க்க

ஒரு ரப்பர் வளையத்தைப் பார்ப்பதற்காகத்தான் நான் முதன்முதலாக விமானம் ஏறினேன். மலேசியாவில், தைப்பிங்கில் எங்கள் தெருக்காரர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் கோயில் பார்க்கப் போவார்கள், கல்யாணப் புடவை எடுக்கப் போவார்கள். நான் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகிறேன் என்றதும், "அங்கே என்ன சாமி?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. எங்கள் ஊர் விளையாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து நடத்திய சின்னச் சங்கம் ஒன்றிலும் இருந்தேன். வீணென்று தூக்கிப்போடும் பொருளிலிருந்து விளையாட்டுச் சாமான் செய்கிற இளைஞர்களுக்கு அந்தச் சங்கம் ஆண்டுதோறும் ஒரு கேடயம் கொடுத்துவந்தது. அந்த ஆண்டு, தமிழ் இதழ் ஒன்றில் எங்களைப் பற்றிப் படித்துவிட்டு ஆவடிப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். ஏழுமலை என்ற ரப்பர் பட்டறைத் தொழிலாளி, ரெஜினா என்ற விளையாட்டு ஆசிரியை. இருவரும் சேர்ந்து பட்டறைக் கழிவிலிருந்து டெனிகாய்ட் வளையம் செய்திருந்தார்கள். வலைக்கு இரண்டு பக்கமும் நின்று, பறந்து வரும் வளையத்தை ஒரு கையால் பிடித்து அதே கையால் திருப்பி எறிய வேண்டிய ஆட்டம். நானும் இளமையில் ஆடியவள்தான்.

"நேரில் பார். நன்றாக இருந்தால் அங்கேயே கொடுத்துவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு வா" என்று சங்கத் தலைவர் கேடயத்தை என் பெட்டியில் வைத்து அனுப்பினார்.

அம்பத்தூரில் முதல் நாள் காலை, தங்கியிருந்த விடுதிக்குக் கீழே இருந்த ஓட்டலில் உட்கார்ந்து, "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். காலை உணவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பரிமாறுபவர் முழித்தார்.

"பசி ஆறணும்னா சாப்புடணும் மேடம். இன்னா வோணும்? இட்லி கீது, பொங்கல் கீது, வடகறி கீது. நீங்க சிலோனா?"

மலேசியா என்றேன். "அப்டியா" என்று சொல்லிவிட்டு, நான் கேட்காமலேயே வடகறியைக் கொண்டுவந்து வைத்தார். பருப்பு வடையை உதிர்த்து மசாலாவில் போட்ட கறி. எங்கள் ஊரில் பரோட்டா போன்ற ரொட்டி சானாய்க்கு ஊற்றும் பருப்புக் கறிக்கு இது ஒன்றுவிட்ட தங்கை முறை வேண்டும். தங்கைக்குக் கொஞ்சம் கோபம் அதிகம்.

வெளியே தண்ணீர் லாரி வந்து நின்றது. பச்சை, நீலம், ஆரஞ்சு நிறக் குடங்கள் தெருவின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடின. தைப்பிங்கில் மாலை ஆனால் மழை பெய்துவிடும். குடை எடுக்காமல் போகிறவர்களைத்தான் முட்டாள் என்போம். இங்கே ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு என்னைக் கடந்து போகும்போது, ஒரு சொட்டு கூடச் சிந்தாமல் போனாள். நான் அவள் நடையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏழுமலை என்னை அழைத்துப்போக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். ஒல்லியான உடம்பு, வாரிய தலை, பேச்சில் ஒரு அவசரம்.

"வாங்க டீச்சர்! பிளைட்டு எல்லாம் நல்லா வந்துச்சா? சைக்கிள்ல டபுள்ஸ் போலாம்னு எடுத்தாந்தேன். அப்பறம் தான் தோணுச்சு, நீங்க பொடவைல கீறீங்க."

நடந்தே போனோம். தொழிற்பேட்டையின் உள்தெருக்களில் எல்லாப் பட்டறைகளும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன. அவன் வேலை செய்யும் பட்டறைக்குள் சூடும் கந்தக வாசமும் முகத்தில் அடித்தன. இயந்திரங்களுக்கான ரப்பர் வாஷர்களை அங்கே அழுத்தி வார்க்கிறார்கள். அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் கொஞ்சம் ரப்பர் பிதுங்கி வெளியே வரும். அதை வெட்டி மூட்டையில் போட்டுவிடுகிறார்கள்.

"இதான் பிசிறு" என்று ஒரு பிடி அள்ளிக் காட்டினான். "ஒரு தடவ வெந்த ரப்பரு மறுபடி உருகாது டீச்சர். அத்தக் கொண்டுபோய்ப் பொட்டல்ல கொட்டிக் கொளுத்துவாங்க. அந்தப் பொகைல நிக்க முடியாது. நான் இத்த அரைச்சித் தூளாக்கிக் கொஞ்சம் புது ரப்பர்ல கலந்து தோலு மாரி போடறேன். உள்ள பஞ்சர் கடைல தூக்கிப்போடற சைக்கிள் ட்யூபு, நாடாவா வெட்டிச் சுத்துனது."

வளையத்தை என்னிடம் எறிந்தான். பிடித்தேன். நல்ல கனம், நல்ல பிடி. கையில் உட்கார்ந்த விதமே பிடித்துப்போனது. விரலை ஓட்டிப் பார்த்தபோது விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று தடித்திருந்தது.

"இது?"

"அது ஜாயின்ட்டு. எல்லா வளையத்துலயும் இருக்கறது தான்" என்று சொல்லிவிட்டு, முதலாளியைப் பற்றிப் பேசத் தொடங்கினான். முதலாளி அன்று ஊரில் இல்லை. மலேசியாக்காரர்கள் சரி என்று சொல்லட்டும், ஷிப்ட் முடிந்த பிறகு தினமும் அழுத்தும் இயந்திரத்தை ஏழுமலை பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறாராம். "அது மட்டும் கெடச்சா போதும் டீச்சர். சுத்துப்பட்டு ஸ்கூலுக்கெல்லாம் நான் குடுப்பேன்." அவன் கண்ணைப் பார்த்தபோது, அன்றைக்கே பெட்டியைத் திறந்து கேடயத்தைக் கொடுத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் ரெஜினாவையும் பார்க்க வேண்டுமே.

மறுநாள் ஆவடிக்கு மின்சார ரயிலில் தனியாகப் போனேன். பெண்கள் பெட்டியில் கொய்யாக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம், ஆவடி வந்தால் சொல்லச் சொன்னேன். அங்குதான் தப்பு நடந்தது. நான் எந்த ஊர் என்று அவர் கேட்டார். சொன்னதும் பெட்டியே என் பக்கம் திரும்பிவிட்டது. அங்கே தமிழர்கள் எத்தனை பேர், மாப்பிள்ளைமார் குடிப்பார்களா, தங்கம் இங்கேயைவிடச் சல்லிசா என்று கேள்வி மேல் கேள்வி. மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆவடி எங்களைக் கடந்து போய்விட்டது.

"ஐயையோ, ஆவடி பூடுச்சே!" என்றார் கொய்யாக்காரர்.

"நீ தான்மே பேசிக்கினே இருந்த" என்றார் எதிரில் இருந்தவர்.

"நானா? தங்கம் வெல கேட்டது ஆரு?"

அவர்கள் சண்டையை முடிப்பதற்குள் இந்து கல்லூரி நிலையம் வந்துவிட்டது. கொய்யாக்காரர் தன் கூடையோடு என்கூடவே இறங்கி, எதிர்த் திசை ரயிலில் என்னை ஏற்றிவிட்டுத்தான் போனார். கையில் ஒரு கொய்யாவையும் திணித்தார். எங்கள் ஊரில் வழி தவறியவருக்கு வழி சொல்வோம். கூட வந்து விடமாட்டோம். ஆவடி மைதானத்துக்குப் போய்ச் சேரும்வரை அந்தக் கொய்யாவைக் கடித்துக்கொண்டே அதைத்தான் யோசித்தேன்.

மைதானத்தில் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ரெஜினா கழுத்தில் விசிலோடு நின்றிருந்தாள். சேக்காட்டிலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறவள். ஏழுமலையைவிட ஒரு வயது இளையவள். ஆனால் மைதானம் முழுக்க அவள் சொல்லுக்குத்தான் நின்றது. அவளோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். பெண்கள் ஆடிக்கொண்டிருந்தது கடையில் வாங்கிய வளையங்களை வைத்து. ஏழுமலை செய்தது ஒன்றுகூட மைதானத்தில் இல்லை.

ஏழுமலையும் வந்து சேர்ந்தான். நான் கேள்வி கேட்பதற்கு முன்பே ரெஜினா பேசினாள்.

"டீச்சர், இந்த வருஷம் எங்களுக்குக் குடுக்காதீங்க."

ஏழுமலையின் முகம் மாறியது. "இன்னா ரெஜினா? அவங்க எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகீறாங்க. பேசி வச்சிகினு இப்டி சொல்ற?"

"நான் எதையும் பேசி வைக்கல. நீ பேசுன, நான் கேட்டுட்டு இருந்தேன். செல்வி விரலப் பத்தி டீச்சர்கிட்ட சொன்னியா?"

"அவ பாத்ரூம்ல வழுக்கி உயுந்தா."

"ஏழுமலை. நான் பக்கத்துல நின்னேன்."

ரெஜினாதான் சொன்னாள். செல்வி அவன் தங்கை, பள்ளி அணியில் ஆடுகிறவள். வேகமாக வந்த வளையத்தைப் பிடிக்கும்போது அந்த இணைப்புக் கோடு நடுவிரலில் மோதி எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. தூள் கலந்த ரப்பர் மற்ற இடத்தில் மென்மையாகத்தான் இருக்கிறது. இணைப்பில் மட்டும் இறுகிவிடுகிறது. "அந்த வளையத்த நான் தான் அவ கைல குடுத்தேன். டீச்சர், நீங்க கேடயம் குடுத்தா நாளைக்கே பத்து ஸ்கூல்ல கேப்பாங்க. அங்கயும் புள்ளைங்க கையால தான புடிக்கும்?"

"பத்து ஸ்கூல்ல இன்னா நடக்குது தெரியுமா?" என்று ஏழுமலை என் பக்கம் திரும்பினான். "கடை வளையம் வாங்க முடியாம கயித்த சுத்திக் கட்டி ஆடுதுங்க. பல ஸ்கூல்ல ஆட்டமே கெடையாது. மொதல்ல இது வெளிய வரட்டும் டீச்சர். அப்பறமா சரி பண்ணிக்கலாம். எடுத்த ஒடனே எது சரியா வந்துகீது?"

இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு விடுதிக்குத் திரும்பினேன். வழியில் தேநீர் கேட்டால், கொட்டாங்கச்சி அளவுக் கண்ணாடி டம்ளரில் இரண்டு மடக்குத் தந்தார்கள். எங்கள் ஊரில் ஆற்றித் தரும் தே தாரேக் டம்ளரில் இதை நான்கு முறை ஊற்றலாம். ஆனால் அந்த இரண்டு மடக்கு, யோசிக்கத் தேவையான அளவு காட்டமாக இருந்தது.

விடுதிக்குப் பக்கத்து ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து தலைவரை அழைத்தேன். விவரம் சொன்னேன். "ஒரு விரல் தானே? விளையாட்டுன்னா அடி படும். நீ படத்த எடுத்துட்டு வா. செய்தியெல்லாம் தயாரா இருக்கு" என்றார். கண்ணாடி அறைக்கு வெளியே ஒருவர் தன் முறைக்காகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் செல்வியை இன்னும் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

மறுநாள் முத்தாபுதுப்பேட்டையில் ஏழுமலை வீட்டுக்குப் போனேன். என்னை அவன் அழைக்கவில்லை. அவன் அம்மா ரெஜினாவிடம் சொல்லியனுப்பியிருந்தார். வயல் வேலை செய்து வளர்ந்தவர், இப்போது ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறார். அன்று எனக்காக விடுப்பு எடுத்துச் சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தார். தலைக்கு மேலே விமானம் ஒன்று தாழ்வாக இரைந்து போனது. வீட்டில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மட்டும் குனிந்தேன்.

"உங்க ஊர்ல மீனு கெடைக்குமாம்மா?"

"கெடைக்கும். இந்த ருசி கெடைக்காது."

"சும்மா சொல்றீங்க" என்று இன்னொரு துண்டைத் தட்டில் போட்டார்.

செல்வி எங்களோடு உட்கார்ந்து கரண்டியால் சாப்பிட்டாள். வலது கை நடுவிரல் பட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. பதினேழு வயதுப் பெண்ணுக்கு விருந்தாளி முன்னால் கரண்டியால் மீன் குழம்பு சாப்பிடுவது எவ்வளவு கூச்சம் என்று அவள் தலை குனிந்த விதத்தில் தெரிந்தது. ஏழுமலை வாசலைப் பார்த்தபடி சாப்பிட்டான்.

"வலிக்குதாம்மா?" என்றேன்.

"வலி பரவால்ல டீச்சர்." கொஞ்ச நேரம் சோற்றைக் கிளறினாள். பிறகு நிமிர்ந்தாள். "பாத்ரூம்ல உயுந்தேன்னு அண்ணன் சொல்லச் சொன்னாரு பாருங்க, அது தான். நான் டீம்ல ஆடறவ. ஆட்டத்துல அடி பட்டுச்சுன்னா எல்லாம் வந்து நல்லா கீறியான்னு கேக்கும். வழுக்கி உயுந்தவன்னா சிரிக்குதுங்க. ஸ்கூல்ல என்னைக் கண்டாலே சோப்பு சோப்புன்னு கூப்புடுதுங்க."

அம்மாவுக்கே இது புதிது போலிருந்தது. கரண்டியை வைத்துவிட்டு மகனைப் பார்த்தார். ஏழுமலை பாதிச் சோற்றோடு எழுந்து கொல்லைப் பக்கம் போனான். கை கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. தண்ணீரை அப்படிச் செலவு செய்கிற வீடு இல்லை அது.

திரும்பி வந்தவன் என்னைப் பார்க்கவில்லை. தங்கை எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"நாளைக்கு மொதலாளிகிட்ட சொல்லிடறேன்."

"ஸ்கூல்ல?"

"ஸ்கூலுக்கும் வரேன்."

"பசங்க எதிர்ல சொல்லணும்."

"சரி, சொல்றேன். சாப்புடு."

அவன் சொன்னபடியே நடந்துகொண்டான். மறுநாள் பட்டறையில், முதலாளியின் மேஜை முன்னால் நானும் ரெஜினாவும் நிற்க, தங்கை விரல் உடைந்ததையும் அதை மறைத்ததையும் சொன்னான். முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் பயந்துவிட்டார். "டேய், இத்த என்கிட்ட மொதல்லயே சொல்லாம வெளிநாட்டுக்காரங்களக் கூட்டியாந்து நிறுத்துற? நாளைக்கு ஒரு புள்ளைக்கு இன்னான்னா ஆகிப்போச்சுன்னா என் கதவத் தான தட்டுவாங்க?" என்றார். இனி அவன் வளைய வேலைக்காக இயந்திரத்தின் பக்கம் வரக்கூடாது. அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் ஏழுமலை சைக்கிளை எடுத்தான். ரெஜினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "உனுக்கு இப்ப சந்தோஷமா?" என்று கேட்டுவிட்டு அவன் மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

ரெஜினா அழவில்லை. தெருமுனை வரை என்னோடு நடந்தாள். "டீச்சர், நான் செஞ்சது சரி தான?" என்றாள்.

"சரி தான்."

"அப்பறம் ஏன் இப்டி இருக்கு?"

நான் ஊருக்குத் திரும்பும்போது கேடயமும் என்னோடு திரும்பியது. வழியனுப்ப ரெஜினா வந்தாள், ஏழுமலை வரவில்லை. வளையம் இன்னும் முடியவில்லை, அதைச் செய்கிறவர்கள் நம்பத் தகுந்தவர்கள், அடுத்த ஆண்டுவரை காத்திருக்கலாம் என்று சங்கத்தில் சொன்னேன். தலைவர் என்னோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. கேடயத்தை அந்த ஆண்டு பழைய மீன்வலையில் கால்பந்து கோல் வலை பின்னிய பினாங்கு இளைஞருக்குக் கொடுத்தார்கள். நானும் கைதட்டினேன். மனம் ஆவடியில் கிடந்தது.

இடையில் என்ன நடந்தது என்று ரெஜினா எழுதியிருந்தாள். முதலில் ஏழுமலை அவளோடு பேசவே இல்லை. பள்ளிக்கு வந்து பெண்கள் முன்னால் உண்மையைச் சொன்னவன், அவளைப் பார்க்காமலேயே திரும்பிப் போனான். செல்விதான் இருவருக்கும் நடுவே தூது நடந்தாள். அவளுக்கு ஆட முடியாத கோபம். யாராவது இதை முடித்தே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு நாள் மூவருமாகப் போய் முதலாளியைப் பார்த்திருக்கிறார்கள். செல்வி தன் விரலையே மேஜை மேல் வைத்து, "இதுக்கு மேல ஒடைய ஒண்ணும் இல்ல சார், நானே மொதல்ல புடிக்கறேன்" என்றாளாம். அவர் சிரித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் கொடுத்திருக்கிறார்.

அடுத்த ஆண்டு நானே மறுபடி போனேன். இந்த முறை ரயிலில் யாரோடும் பேசவில்லை; ஆவடியில் சரியாக இறங்கினேன்.

புது வளையத்தை மைதானத்திலேயே பார்த்தேன். இணைப்புக் கோடு இருந்த இடத்தில் இப்போது தூள் கலக்காத ரப்பரை நாடா மாதிரி வைத்து அழுத்தியிருந்தார்கள். விரலை அழுத்தினால் உள்ளே போனது. முழுக்க முழுக்கக் கழிவு என்று தலைவர் செய்தி எழுத ஆசைப்பட்டது நினைவுக்கு வந்தது. புது ரப்பர் முன்பைவிடக் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறதே என்றேன்.

"ஆமா டீச்சர்" என்றான் ஏழுமலை. "ரொம்ப நாளு அது இல்லாமயே பண்ணிப் பாத்தேன். வரல. பழசு போடற எடத்துல பழசு. வெரலு படற எடத்துல புதுசு. இதுக்கு மேல கேட்டா நீங்க கேடயத்த எடுத்துகினு போங்க."

சொல்லிவிட்டு அவன் ரெஜினாவைப் பார்த்தான். அவள் சிரிப்பை விசிலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

நான் ஒரு மணி நேரம் அந்த வளையத்தைப் பெண்களோடு எறிந்து பிடித்தேன். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு. மூச்சு வாங்கியது, விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அங்கேயே, வலைக்கம்பத்தின் பக்கத்தில், கேடயத்தைக் கொடுத்தேன். மூன்று பெயர்களைச் சொன்னேன். மூன்றாவது பெயரைச் சொன்னபோது செல்வி திரும்பித் தன் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

நான் ஒரு சின்ன உரை தயாரித்து வைத்திருந்தேன். வீணாகும் பொருளைப் பற்றியும், விளையாட்டு யாருக்கெல்லாம் கிடைக்க வேண்டும் என்பதைப் பற்றியும், தன் வேலையில் இருக்கும் குறையைத் தானே சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்பதைப் பற்றியும். மைதானத்தின் நடுவில் நின்று அதைத் தொடங்கினேன். இரண்டு வாக்கியம் முடிந்திருக்கும். செல்வி வலையின் அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டிருந்தாள். அவள் நடுவிரல் முழுதாக மடங்குவதில்லை என்று ரெஜினா சொல்லியிருந்தாள். ஆனால் கையை விரித்து, முழங்காலைத் தளர்த்தி, வலையைப் பார்த்து அவள் நின்ற விதத்தில் அப்படி எந்தக் குறையும் தெரியவில்லை. எதிர்ப் பக்கப் பெண்ணின் கையில் வளையம் தயாராக இருந்தது.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க" என்று செல்வி கத்தினாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. லைன் மேல நிக்கிறீங்க."

நான் தள்ளி நின்றேன். வளையம் பறந்தது.